வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்

மேற்படிப்புக்கு யோசனை கேட்டு, குடியாத்தத்திலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்த அப்பாவுக்கு இதை எழுதுகிறேன். ஐயா, பாப்பா நீட் இரண்டு தடவை எழுதியாச்சு, அரசு சீட்டுக்கு மார்க் எட்டவில்லை. வீட்டை அடமானம் வைத்தாவது வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்த்துவிடச் சொல்கிறார் பெரியப்பா. நீங்கள் கலங்கியிருந்ததால் முதலில் ஆறுதலாக ஏதோ சொன்னேன். பாப்பாவின் நோட்டைப் பார்த்த பிறகு ஆறுதலுக்கு வேலையில்லை.

தாத்தாவுக்கு டயாலிசிஸ் நடக்கும் நான்கு மணி நேரமும் வெளியே உட்கார்ந்து அவள் போட்ட கணக்கு அது. சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் குளோமெருலஸ் நுண்குழாயில் ரத்த அழுத்தம் 60 மில்லிமீட்டர் பாதரசம். அதைச் சுற்றியிருக்கும் பௌமானின் கிண்ணம் எதிர்த்துத் தள்ளுவது 18, ரத்தப் புரதம் நீரை இழுத்துப் பிடிப்பது 32. மிச்சம் 10. அழுத்தத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு நிமிடத்துக்கு 12.5 மில்லிலிட்டர் வீதம் நிமிடத்துக்கு 125 மில்லிலிட்டர், நாளுக்கு 180 லிட்டர் வடிகிறது. எண்களெல்லாம் உடலியங்கியல் பாடநூலில் உள்ளவைதான். அடியில் பென்சிலில் எழுதியிருந்தது அவளுடையது: "நீர் வடிய வடியப் புரதம் செறிவாகுமே, 32 எப்படி மாறாமல் இருக்கும்?"

மாறத்தான் செய்கிறது. ரத்தம் குழாயில் நுழையும்போது சுமார் 28, வெளியேறும்போது 36. 32 என்பது சராசரி. குழாய் நெடுக அது எப்படி ஏறுகிறது என்று பார்க்க மாறும் வேகத்தைக் கணக்கிடும் வகைக்கெழுச் சமன்பாடு வேண்டும். 1972-இல் டீன், ராபர்ட்சன், பிரென்னர் மூவரும் எலியின் சிறுநீரகத்துக்கு அப்படியொரு கணித மாதிரி போட்டார்கள். இன்று அந்த வேலையைக் கம்ப்யூட்டரில் செய்கிறார்கள். மருந்தின் அளவைக் கணிக்கவும் டயாலிசிஸ் வடிகட்டியை வடிவமைக்கவும் இதே வகைக் கணக்குதான் கைகொடுக்கிறது.

பொறியியல் கவுன்சலிங்கைப் பற்றி ஊரே சொல்லும், அதை விடுங்கள். நான் சொல்வது பி.எஸ்சி. கணிதம், வேலூர் முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரியில். வீட்டிலிருந்தே போய் வரலாம், கட்டணம் உங்களைக் கடனாளி ஆக்காது. கூடவே பைத்தான் என்ற கம்ப்யூட்டர் நிரல்மொழியும் பழகட்டும். மூன்றாம் ஆண்டில் ஜாம் என்ற நுழைவுத் தேர்வு, அதன் வழியாக ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. பிறகு நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி கிடைத்தால், 2023-இல் உயர்த்திய கணக்குப்படி மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையோடு ஆராய்ச்சி செய்யலாம். பாதை நீளம்தான், ஒவ்வொரு தேர்வும் கடினம்தான். ஆனால் எந்தப் படியில் நின்றாலும் கையில் ஒரு பட்டம் இருக்கும், தலையில் கடன் இருக்காது.

வெளிநாட்டில் படித்து வந்தாலும் இங்கே தகுதித் தேர்வில் தேறினால்தான் மருத்துவம் பார்க்க முடியும். தேறாவிட்டாலும் வட்டி ஓடும், அதைப் பெரியப்பா கட்டப்போவதில்லை. மூன்றாவது நீட் வேண்டுமா என்று பாப்பாவிடம் நீங்கள் இன்னும் கேட்கவே இல்லை. நான் கேட்டேன். வேண்டாம் என்றாள்.

கலைக் கல்லூரி விண்ணப்பத்தில் கணிதத்தை முதல் விருப்பமாகப் போடுங்கள். பெரியப்பா ஏதாவது சொன்னால் என்னிடம் அழைத்து வாருங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.