கணக்கில் இல்லாத நோயாளி எங்கே?

பல்கலைக்கழகங்களில் சுகாதாரப் பொருளியல், நலப் பொருளியல் ஆராய்ச்சிப் பணிகள் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்பவர், 26 ஆண்டுகள் இத்துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பேராசிரியை. 14 தேர்வுக்குழுக்களில் இருந்தவர்.

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வை முடிக்கப் போகிறேன். ‘சுகாதார, நலப் பொருளியல் ஆராய்ச்சியாளர் தேவை’ என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். என் ஆய்வு முதியோர் ஓய்வூதியம் பற்றியது. மருத்துவமனையோ நோயோ அதில் ஓரிடத்திலும் வராது. விண்ணப்பிக்கலாமா?

விண்ணப்பியுங்கள். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அந்த விளம்பரத்தில் வரும் ‘நலம்’ எந்த நலம் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

பொருளியலில் இந்தச் சொல்லுக்கு இரண்டு வீடுகள். ஒன்று, பரேட்டோ, பிகூ என்ற பொருளியலாளர்களின் காலத்திலிருந்து வரும் கோட்பாடு. ஒரு மாற்றத்தால் சமூகம் மொத்தத்தில் மேம்பட்டதா, அதை எப்படி அளப்பது என்று கேட்பது அது. இன்னொன்று ஓய்வூதியம், வேலையில்லாதோர் உதவி, குழந்தைகளுக்கான உதவித்தொகை போன்ற அரசுத் திட்டங்களைப் பற்றியது. பொருளியல் கட்டுரைகளை வகைப்படுத்தப் பயன்படும் ஜெல் குறியீடுகளைப் பாருங்கள். நலக் கோட்பாடு டி6 என்ற பிரிவில் இருக்கிறது. சுகாதாரம் ஐ1. நல்வாழ்வும் வறுமையும் நலத்திட்டங்களும் ஐ3. பல விளம்பரங்களில் இந்தக் குறியீடுகள் கடைசியில் சிறிய எழுத்தில் இருக்கும். விளம்பரத்தில் இல்லையென்றால், அந்தத் துறையில் இருப்பவர்களின் கடைசி நான்கைந்து கட்டுரைகளில் என்ன குறியீடு போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். விளம்பரத்தை எழுதிய குழுவின் மனம் அதில் தெரிந்துவிடும்.

உங்கள் ஆய்வு ஐ3. ஐ1-க்கு அடுத்த வீடு என்றே சொல்லலாம். பொருளியலாளர் எஸ்தர் டுஃப்ளோ 2003இல் வெளியிட்ட ஓர் ஆய்வு தென்னாப்பிரிக்க முதியோர் ஓய்வூதியத்தைப் பற்றியதுதான். பாட்டியின் கைக்கு ஓய்வூதியம் வந்த வீடுகளில் பேத்திகளின் எடையும் உயரமும் மேம்பட்டிருந்தன. தாத்தாவின் கைக்கு வந்த பணத்துக்கு அப்படி ஒரு விளைவு தென்படவில்லை. ஓய்வூதியக் கட்டுரையாகத் தொடங்கியது, சுகாதாரக் கட்டுரையாகவும் ஆகிவிட்டது. உங்கள் தரவில் அப்படி ஒரு கதவு இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அதை விண்ணப்பக் கடிதத்தின் முதல் பத்தியில் எழுதுங்கள். இல்லையென்றால் இருப்பதுபோல் எழுத வேண்டாம்.

கேள்வி: நான் மருத்துவர். நோய்ப்பரவலியலில் முனைவர் பட்டமும் பெற்றிருக்கிறேன். 31 கட்டுரைகள் வந்திருக்கின்றன. சுகாதாரப் பொருளியல் பணி ஒன்றுக்கு விண்ணப்பித்தேன், நேர்காணலுக்கே அழைக்கவில்லை. மூன்றே கட்டுரை எழுதிய ஒருவரை அழைத்திருக்கிறார்கள். இது நியாயமா?

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் நியாயமா இல்லையா என்று 31, 3 என்ற இரண்டு எண்களை வைத்து உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.

மருத்துவமும் பொருளியலும் கட்டுரை எழுதும் முறையே வேறு. மருத்துவ இதழில் ஒரு கட்டுரை சில மாதங்களில் வெளிவந்துவிடலாம். பொருளியல் இதழில் அனுப்பி, திருத்தி, மறுபடி அனுப்பி, அச்சில் வர மூன்று நான்கு ஆண்டுகள் ஆவது சாதாரணம். மருத்துவத்தில் முதல் பெயர் உழைத்தவருடையது, கடைசிப் பெயர் பெரும்பாலும் ஆய்வுக்குழுத் தலைவருடையது. பொருளியலில் பெரும்பாலும் அகர வரிசை. நடுவில் ஏழாவதாக உங்கள் பெயர் இருக்கும் ஒரு கட்டுரையை, பொருளியலாளர் எப்படி எடைபோடுவது என்று தெரியாமல் தாண்டிப் போவார். மூன்று கட்டுரைகள் மட்டும் உள்ள சுயவிவரத்தை மருத்துவர் பார்த்தால், ‘இவர் இத்தனை வருடம் என்ன செய்தார்?’ என்பார். ஒரே குழுவில் இந்த இருவரும் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள்.

என் மனதில் இன்னும் ஆறாத ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். நான் இருந்த இரண்டாவது தேர்வுக்குழு. பாதிப்பேர் மருத்துவத் துறையினர், பாதிப்பேர் பொருளியலார். சண்டை வேண்டாம் என்று ஒரு மதிப்பெண் அட்டவணை போட்டோம். கட்டுரைக்கு இவ்வளவு, கற்பித்த அனுபவத்துக்கு இவ்வளவு, பெற்ற நிதிக்கு இவ்வளவு. 38 கட்டுரைகளுடன் வந்தவர் முதலிடம். அச்சில் வராத இரண்டு ஒர்க்கிங் பேப்பர்களுடன் விண்ணப்பித்த ஒரு பெண் பட்டியலின் அடியில். அவரை அழைக்கவில்லை. முதலிடம் பெற்றவரும் சில மாதங்களில் வேறிடம் போய்விட்டார்.

அடுத்த ஆண்டு ஓர் இதழ் என்னிடம் மதிப்பீட்டுக்கு ஒரு கட்டுரை அனுப்பியது. படிக்கப் படிக்க, இது அந்தப் பெண்ணின் விண்ணப்பத்தோடு வந்த அதே கட்டுரை என்று தெரிந்தது. மருத்துவக் கட்டணத்தில் நோயாளியின் பங்கை உயர்த்திய பிறகு செலவு குறைந்தது என்று எல்லோரும் சேமிப்பாக எழுதிக்கொண்டிருந்த ஒரு தரவு. அவர் மட்டும், கோப்பிலிருந்து காணாமல் போனவர்கள் எங்கே போனார்கள் என்று தேடியிருந்தார். அவர்களில் பலர் சிகிச்சையை நிறுத்தியவர்கள். ஒரு பகுதியினர் பின்னர் அவசர சிகிச்சைப் பிரிவின் பதிவேட்டில் கிடைத்தார்கள். விண்ணப்பத்தோடு வந்தபோது அந்தக் கட்டுரை என் மேசையில் ஒன்றரை மாதம் கிடந்திருக்கிறது. நான் அட்டவணையை நிரப்பினேன், கட்டுரையைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் இருந்த குழுக்களில் ஒன்றை மட்டும் வலியுறுத்தி வந்தேன். விண்ணப்பதாரர் தாமே தேர்ந்தெடுத்துத் தரும் ஒரு கட்டுரையை, சுயவிவரத்தைப் பிரிக்கும் முன் ஒவ்வொரு உறுப்பினரும் முழுதாகப் படிக்க வேண்டும். சில குழுக்கள் ஏற்றன, சில ஏற்கவில்லை.

இதே நியாயம் உங்களுக்கும் உண்டு. உங்கள் 31 கட்டுரைகளில், கேள்வியை நீங்களே எழுப்பிய கட்டுரை எது? அதைச் சொல்லுங்கள். மற்ற 30-இல் உங்கள் பங்கு என்ன என்று ஒவ்வொரு வரி எழுதுங்கள். ஒரு பொருளியலாளரோடு சேர்ந்து ஒரு கட்டுரையாவது எழுதுங்கள். நோயாளியின் படுக்கையருகே நின்ற அனுபவம் எங்கள் துறையில் பலருக்குக் கிடையாது. உங்களுக்கு இருக்கிறது.

கேள்வி: நேர்காணலுக்கு அழைப்பு வந்திருக்கிறது. ஸ்டேட்டா, ஆர் ஆகிய புள்ளியியல் மென்பொருள்கள் இரண்டும் தெரியும். எதைப் படித்துக்கொண்டு போக வேண்டும்?

மென்பொருள் பற்றி இரண்டு நிமிடம்கூடப் பேச மாட்டார்கள். 1963இல் பொருளியலாளர் கென்னத் ஆரோ எழுதிய கட்டுரையைப் படிக்காமல் போகாதீர்கள். நோய் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. எந்தச் சிகிச்சை தேவை என்று நோயாளியைவிட மருத்துவருக்கே அதிகம் தெரியும். இந்த இரண்டாலும் மருத்துவச் சந்தை மற்ற சந்தைகள்போல் இயங்காது என்ற வாதம் அங்கிருந்துதான் விரிகிறது. அமெரிக்காவில் 1974 முதல் 1982 வரை ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் நடத்திய காப்பீட்டுப் பரிசோதனையும் தெரிந்திருக்க வேண்டும். 2,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களைக் குலுக்கல் முறையில் வெவ்வேறு காப்பீட்டுத் திட்டங்களில் சேர்த்தார்கள். கையிலிருந்து பணம் கட்ட வேண்டியிருந்தவர்கள் மருத்துவத்தைக் குறைவாக நாடினார்கள். குறைந்தது தேவையற்ற சிகிச்சை மட்டும் அல்ல, தேவையான சிகிச்சையும் சேர்ந்தே குறைந்தது. இலவச சிகிச்சையால் சராசரி மனிதரின் உடல்நலத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஏழைகளில் உயர் ரத்த அழுத்தம் இருந்தவர்களுக்கு அது பலன் தந்தது. சராசரியை மட்டும் சொல்லி நிறுத்தும் விண்ணப்பதாரரை நான் அடுத்த வரியையும் சொல்லச் சொல்வேன்.

நான் எல்லோரிடமும் கேட்ட ஒரு கேள்வி உண்டு. ‘உங்கள் தரவில் யார் இல்லை?’

சிலர் மாதிரியின் அளவைச் சொல்வார்கள். சிலர் விடுபட்ட தரவைப் புள்ளியியல் முறையில் எப்படி நிரப்பினோம் என்று விளக்குவார்கள். நான் எதிர்பார்த்தது, கொஞ்சம் நின்று யோசித்து, ‘படிவத்தை நிரப்ப முடியாத அளவு நோயுற்றவர்கள் இல்லை’ என்றோ, ‘மருத்துவமனைக்கே வராதவர்கள் இல்லை’ என்றோ சொல்லும் ஒருவரை. சுயமாகச் சொல்லும் நோய் விவரத்தை நம்பும் கட்டுரைகள் ஏராளம். அமர்த்தியா சென் 2002இல் இதை எடுத்துக்காட்டினார். நீண்ட ஆயுளுக்குப் பேர்போன கேரளத்தில், தமக்கு நோய் இருப்பதாகச் சொல்பவர்கள் அதிகம். அப்போது ஆயுள் குறைந்திருந்த பிகாரில் அப்படிச் சொன்னவர்கள் குறைவு. படிப்பும் மருத்துவ வசதியும் இருக்கும் இடத்தில்தான் ஒருவருக்குத் தம் நோய் நோயாகத் தெரிகிறது. எண்ணை மட்டும் பார்த்தால் பிகார் ஆரோக்கியமான இடம்.

வாழ்க்கைத் தரத்தை அளக்கும் ஈக்யூ-5டி வினாத்தாளும் அப்படித்தான். நடமாட்டம், தன்னைத் தானே கவனித்துக்கொள்ளுதல், அன்றாட வேலைகள், வலி, மனக்கவலை ஆகிய ஐந்து கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிலைகள். மொத்தம் 3,125 உடல்நிலைகளை அதில் எழுதலாம். அருமையான கருவி. நானும் வருடக்கணக்கில் பயன்படுத்தினேன். ஆனால் நோயாளியை இரவெல்லாம் பார்த்துக்கொள்ளும் மகளின் முதுகுவலி நோயாளி நிரப்பும் அந்தத் தாளில் வராது. இதை ஒரு பெண் நேர்காணலில் சொன்னார். அவரை நியமித்தோம்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். பொருளியல் துறை நடத்தும் செமினார் என்றால் ஒன்றரை மணிநேரம், மூன்றாவது ஸ்லைடிலிருந்தே குறுக்குக் கேள்விகள் வரும். மருத்துவத் துறை என்றால் இருபது நிமிடம் பேசச் சொல்லி, முடிந்த பிறகே கேட்பார்கள். எது என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: நான் ஒரு துறைத்தலைவர். இரண்டு முறை விளம்பரம் செய்தும் இந்தப் பணிக்கு ஏற்ற ஆள் கிடைக்கவில்லை. விளம்பரத்தில் என்ன மாற்ற வேண்டும்?

நீங்கள் அனுப்பிய விளம்பரத்தைப் படித்தேன். பொருளியலில் முனைவர் பட்டம், மருத்துவத் துறையில் அனுபவம், நலத்திட்ட மதிப்பீடு, பெருந்தரவுத் திறன், நிதி திரட்டும் ஆற்றல், இரண்டு பாடங்கள் கற்பித்தல் என்று எல்லாமே ‘கட்டாயம்’ என்ற தலைப்பின் கீழ் இருக்கின்றன. அப்படி ஒருவர் இருந்தாலும் அவர் இந்தச் சம்பளத்துக்கு வர மாட்டார். இந்தப் பட்டியலைப் பார்த்து, நான்கு தகுதி உள்ள நேர்மையானவர்கள் விண்ணப்பிக்காமல் விலகிவிடுவார்கள்.

கட்டாயம் என்று இரண்டை மட்டும் வையுங்கள். மற்றதைச் சேர்ந்த பிறகு கற்றுக்கொள்ளலாம். மாறாக, உங்கள் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதை எழுதுங்கள். எந்தத் தரவு உங்கள் கையில் இருக்கிறது, அதற்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வந்துவிட்டதா, ஆராய்ச்சிக்கு வாரத்தில் எத்தனை நாள், சம்பளம் எவ்வளவு, பணி எத்தனை ஆண்டு. இந்த ஐந்தும் உங்கள் விளம்பரத்தில் இல்லை. பொருளியலில் முனைவர் முடிப்பவர்கள் பெரும்பாலும் ஆண்டின் கடைசி மாதங்களில்தான் வேலை தேடத் தொடங்குவார்கள். நீங்கள் இரண்டு முறையும் ஏப்ரலில் விளம்பரம் செய்திருக்கிறீர்கள். அதற்குள் நல்லவர்கள் வேறிடத்தில் சேர்ந்துவிட்டிருப்பார்கள்.

கேள்வி: இரண்டு குழந்தைகளுக்காக நான்கு ஆண்டுகள் ஆராய்ச்சியை விட்டிருந்தேன். சுயவிவரத்தில் அந்த இடைவெளியை எப்படி மறைப்பது?

மறைக்காதீர்கள் அம்மா. எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எதற்காக என்று ஒரே வரியில் எழுதுங்கள், விளக்கமோ மன்னிப்போ வேண்டாம். ஒழுங்காக நடக்கும் குழு முனைவர் பட்டத்திலிருந்து கழிந்த காலத்தில் அந்த நான்கு ஆண்டுகளைக் கழித்துத்தான் கணக்கிடும். ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றம் இளம் ஆய்வாளர்களுக்கான நிதியில் தாய்மார்களுக்கு ஒவ்வொரு குழந்தைக்கும் 18 மாதம் கூடுதல் அவகாசம் தருகிறது. அந்த வரி இல்லாவிட்டால், உங்களுக்காகப் பேச நினைக்கும் உறுப்பினரின் கையில் ஆதாரம் இருக்காது. நான் பலமுறை அப்படித் தவித்திருக்கிறேன்.

கேள்வி: இரண்டு ஆண்டு ஒப்பந்தப் பணி கிடைத்திருக்கிறது. மருத்துவப் பதிவேடுகளை வருமான விவரங்களோடு இணைத்து ஆராய வேண்டும். சேரலாமா?

வேலை அருமையானது. உடல்நலத்தையும் வருமானத்தையும் ஒரே மனிதரிடம் சேர்த்துப் பார்க்கும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைப்பதில்லை. ஆனால் அப்படி இணைக்கும் அனுமதிக்கு ஓர் ஆண்டுகூட ஆகலாம். என்னிடம் பணிபுரிந்த ஒரு இளைஞருக்குத் தரவு வந்து சேர்ந்தபோது ஒப்பந்தத்தில் ஏழு மாதம்தான் மீதி இருந்தது. அந்த ஏழு மாதத்தில் அவர் அரைகுறையாக எழுதிய கட்டுரைக்கு நானும் பொறுப்பு, ஏனென்றால் அவரைச் சேர்க்கும்போது இதை நான் சொல்லவில்லை.

அனுமதிக் கடிதம் வந்துவிட்டதா, அதில் என்ன தேதி இருக்கிறது என்று கேளுங்கள். இன்னும் வரவில்லை என்றால், தரவு கைக்கு வரும் நாளிலிருந்து ஒப்பந்தக் காலம் தொடங்குமா என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு கையெழுத்திடுங்கள்.