தம்பி துபாயில், போன் 40 நாளாக ஆஃப்: எங்கிருந்து தேடுவது?

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: தம்பி துபாயில் ஏ.சி. மெக்கானிக். 40 நாளாக போன் இல்லை, வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக். கம்பெனியில் கேட்டால் “ஓடிட்டான்” என்று ஒரே வார்த்தை. நகையை அடகு வைத்து, விசிட் விசா எடுத்து, நானே போய்த் தேடலாமா?

இப்போதைக்கு வேண்டாம். துபாயின் சோனாப்பூர், அல்கூஸ் தொழிலாளர் கேம்ப்களிலும், தேராவில் ஒரு கட்டிலை மட்டும் வாடகைக்கு விடும் பெட்ஸ்பேஸ் அறைகளிலும் போட்டோவைக் காட்டிக்கொண்டு அலைந்து கண்டுபிடித்தவர்கள், நான் பார்த்தவரை, மிகக் குறைவு. அங்கே ஓர் ஆளைத் தேடுவது முகத்தை வைத்து அல்ல, நம்பரை வைத்து.

பெயரை நம்பினால் என்ன ஆகும் என்று பாருங்கள். பாஸ்போர்ட்டில் ஆங்கில ‘வி’ போட்டு எழுதிய பழனிவேல், அரபி எழுத்துக்குப் போனதும் பலனிஃபீல் ஆகிவிடுவார். ழ-வும் கிடையாது, ‘வி’யும் கிடையாது. (ஃபீல் என்றால் அரபியில் யானை!) போதாக்குறைக்கு, நம் ஊர் பாஸ்போர்ட்களில் அப்பா பெயரும் பெயருக்கான ஒரு கட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கும், மருத்துவமனைப் பதிவேட்டில் உங்கள் அப்பா பெயரிலேயே தம்பி படுத்திருக்கலாம். “அப்படி யாரும் இல்லை” என்று கவுன்டரில் இருப்பவர் சொல்வது பொய்யாக இருக்காது, ஆனால் உண்மையும் ஆகாது.

ஆகவே பாஸ்போர்ட் நம்பர், எமிரேட்ஸ் ஐடி நம்பர் இரண்டையும் முதலில் பிடியுங்கள். பழைய ஆட்கள் பத்தாக்கா என்பார்களே, அந்த அட்டைதான். 15 இலக்கம், 784-இல் தொடங்கும், அடுத்த நான்கும் பிறந்த ஆண்டு. அட்டையின் போட்டோ வீட்டில் இல்லாவிட்டால், அவர் கடைசியாகப் பணம் அனுப்பியபோது வாட்ஸ்அப்பில் போட்ட எக்ஸ்சேஞ்ச் ரசீதைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஐடி நம்பரோ கிளையின் பெயரோ அதில் இருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்து, அறையில் கூட இருந்தவர் ஒருவரைப் பிடித்துக் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: பெட்டி இருக்கிறதா? ட்ராலி பெட்டி, சார்ஜர், நல்ல சட்டை எல்லாம் கிடக்க, ஆள் மட்டும் இல்லை என்றால் விபத்து, உடல்நலக் கேடு, கைது இவற்றில் ஒன்று. பெட்டியும் போயிருந்தால், அவராகவே கிளம்பியிருக்கிறார். பெரும்பாலும் வேறு இடத்தில் கல்லிவல்லியாக, அதாவது முறையான விசா இல்லாமல், வேலை பார்க்கிறார். இரண்டுக்கும் தேடும் வழியே வேறு.

கம்பெனி சொன்ன “ஓடிட்டான்” ஒரு தகவலே அல்ல. ஏழு நாளுக்கு மேல் தொடர்ந்து வேலைக்கு வராதவரை அவர்கள் அப்ஸ்காண்டிங் (தலைமறைவு) என்று புகார் போடலாம். ஐ.சி.யு.வில் கிடப்பவரும் லாக்கப்பில் இருப்பவரும்கூட வேலைக்கு வராதவர்கள்தானே? போன் அணைந்ததும் அதுபோலத்தான், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அங்கே சிம் கார்டு ஐடியோடு கட்டப்பட்டது. ஐடி காலாவதியாகிப் புதுப்பிக்காவிட்டால் லைன் துண்டாகும்.

பெட்டி இருக்கிறது என்றால் நாள் கடத்தாதீர்கள். துபாயில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்கு எழுதுங்கள்; வெளியுறவுத் துறையின் ‘மதத்’ (MADAD) என்ற இணையதளத்திலும் புகாரைப் பதிந்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே இருக்கும் நண்பர் யாராவது பிரவாசி பாரதிய சகாயதா கேந்திரம் என்ற, அங்குள்ள இந்தியர்களுக்கான உதவி மையத்தின் 800 46342 என்ற இலவச எண்ணில் பேசட்டும். துபாயில் வேலை, ஷார்ஜாவில் ரூம் என்பது அங்கே சகஜம். இரண்டு ஊர் போலீசும் வெவ்வேறு. மனுவில் “துபாய், ஷார்ஜா, அஜ்மான் மூன்றிலும் மருத்துவமனை, சிறை, பிணவறைப் பதிவுகளை இந்த நம்பரில் பார்க்க வேண்டும்” என்று வெளிப்படையாக எழுதுங்கள். பிணவறை என்று எழுதக் கை வராதுதான். எழுதாவிட்டால் அந்த ஒரு இடம் விடுபட்டுவிடும். அபுதாபி, அல் ஐன் பக்கம் என்றால் அது அபுதாபியில் உள்ள தூதரகத்தின் எல்லை.

“கைதாகியிருந்தால் தூதரகத்துக்குத் தெரிந்திருக்குமே” என்று பலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். 1963-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36-ஆவது பிரிவுப்படி, கைதானவர் கேட்டுக்கொண்டால்தான் தகவல் போகும். வீட்டுக்குத் தெரிந்தால் அவமானம் என்று கேட்காமலே இருப்பவர்கள் உண்டு.

சென்னையில் அயலகத் தமிழர் நலத் துறைக்கும் ஒரு மனு (1800 309 3793), உள்ளூர்க் காவல் நிலையத்தில் ஒரு புகார். அப்புறம், அவர் இந்தியாவுக்கே திரும்பிவிட்டாரா என்று குடியேற்றப் பதிவைப் பார்க்கச் சொல்லவும் மறக்காதீர்கள். ஏஜென்ட்டுக்குத் தர வேண்டிய கடன் பாக்கி இருக்க, கோவையிலோ திருப்பூரிலோ வேலை பார்த்துக்கொண்டு வீட்டுக்கு முகம் காட்டாமல் இருந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

பெட்டி போயிருந்தால், அங்கே போலீசுக்கு ஓடுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். விசா போய் ஒளிந்திருப்பவர் என்றால் கண்டுபிடித்துத் தருவதும் பிடித்துக் கொடுப்பதும் ஒன்றாகிவிடும். ஊர்க்காரர்கள் சாப்பிடும் மெஸ், விடுமுறை நாள் கூட்டம், ஊர் வாட்ஸ்அப் குழு வழியாக “வீட்டில் யாருக்கும் கோபம் இல்லை, ஒரு போன் போடு” என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். போட்டோவைப் பொதுவில் போட்டு உங்கள் நம்பரையும் சேர்த்தால், “ஜெயிலில் இருக்கிறார், 50,000 அனுப்புங்கள்” என்று யாராவது கூப்பிடுவார்கள். உண்மையில் பார்த்தவர் என்றால் தம்பியின் எமிரேட்ஸ் ஐடி நம்பரில் கடைசி நான்கு இலக்கத்தைச் சொல்லட்டும்.

ஆள் கிடைத்து, ஊர் திரும்பப் பயப்படுகிறார் என்றால் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். விசா முடிந்து தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் 50 திர்ஹம் அபராதம் ஏறிக்கொண்டே போகும். பாஸ்போர்ட் கம்பெனியிடம் மாட்டியிருந்தாலும், துணைத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டுக்குப் பதிலாகத் தரும் எமர்ஜென்சி சர்டிஃபிகேட் வாங்கி ஊர் வர முடியும். நகையை அந்த டிக்கெட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.