கறுப்பு காரைத் தினமும் துடைக்கலாமா?

கேள்வி: கறுப்பு கார் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. வாரத்துக்கு ஒருமுறைதான் கழுவ நேரம் கிடைக்கிறது. மற்ற நாட்களில் காலையில் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறேன். சாயங்காலத்துக்குள் மறுபடியும் தூசு. போதாக்குறைக்கு, வெயிலில் பார்த்தால் பானெட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கோடுகள். பெயிண்டின் மேல் பாதுகாப்புப் படலமாகப் பூசும் செராமிக் கோட்டிங் போட்டால் தூசே படியாது என்கிறார்கள். போடலாமா?

பதில்: முதலில் அந்தத் துணியைக் கீழே வையுங்கள். பானெட்டில் தெரியும் கோடுகளைப் போட்டது தூசு அல்ல, துணிதான்.

பக்கத்தில் நிற்கும் வெள்ளை வண்டி மேலும் ஏறக்குறைய இதே அளவு தூசு கிடக்கிறது. கறுப்புப் பரப்பு தன் மேல் விழும் வெளிச்சத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. தூசோ அதை நாலா பக்கமும் சிதறடிக்கிறது. கரும்பலகையில் சாக்பீஸ் பொடி பளிச்சென்று தெரிவது போலத்தான். ஆக, உங்கள் வண்டி அதிகம் அழுக்காகவில்லை, அழுக்கை மறைக்கத் தெரியாத நிறம் அது. கறுப்பு வாங்கியவர்கள் இதை ஏற்றுக்கொண்டால் பாதி வேலை மிச்சம்.

காரின் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்ற நிறமில்லாத படலம் ஒன்று இருக்கிறது. பெரும்பாலான வண்டிகளில் அது 35 முதல் 50 மைக்ரான் வரைதான், தலைமுடியின் தடிமன்கூட இருக்காது. தெருத் தூசில் மணல் துகள்கள் கலந்திருக்கும். மணலில் உள்ள குவார்ட்ஸ் என்ற கனிமத்தின் கடினம், 1 முதல் 10 வரை போகும் மோஸ் அளவுகோலில் 7. சாதாரணக் கத்தி சுமார் 5.5. கத்தியையே கீறக்கூடிய துகளைத் துணிக்கு அடியில் வைத்து, பிளாஸ்டிக் போன்ற படலத்தின் மேல் தினமும் தேய்த்தால் என்ன ஆகும்? எட்டு மாதத்தில் நீங்கள் பார்ப்பதுதான் ஆகும்.

ஒரு சின்ன விஷயம். நீங்கள் வட்டமாகத் துடைத்ததால் அந்தக் கோடுகள் வட்டமாகத் தெரிகின்றன என்று நினைக்காதீர்கள். கீறல்கள் எல்லாத் திசையிலும் இருக்கின்றன. சூரியனின் பிம்பத்தைச் சுற்றி, அதற்கு வாகான கோணத்தில் அமைந்தவை மட்டும் மின்னுவதால் வலை போலத் தோன்றுகிறது. நேர்கோட்டில் துடைத்தாலும், தூசு இருந்தால் கீறல் விழத்தான் செய்யும்.

உலர்ந்த துணியால் தேய்ப்பதில் இன்னொரு கெடுதலும் உண்டு. தேய்த்த பரப்பில் நிலைமின்சாரம் ஏறும். தலையில் தேய்த்த சீப்பு காகிதத் துணுக்கை இழுப்பது மாதிரி, அந்தப் பரப்பு புதுத் தூசை இழுக்கும். துடைத்த கொஞ்ச நேரத்திலேயே மறுபடி மங்கலாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, கழுவும் நாட்களுக்கு இடையில் என்ன செய்வது? பல நாட்களில் ஒன்றும் செய்யாமல் இருப்பதே நல்லது. இரண்டு மூன்று நாள் உலர்ந்த தூசு சும்மா கிடந்தால் பெயிண்டுக்கு ஒன்றும் ஆகாது. காத்திருக்கக் கூடாதவை வேறு: பறவை எச்சம், பூச்சிக் கறை, மரப் பிசின், பக்கத்தில் கட்டட வேலை நடந்தால் வந்து படியும் சிமென்ட் தூசு. சிமென்ட் தூசில் பனி இறங்கினால் அப்படியே இறுகிவிடும். அதை அன்றைக்கே நிறையத் தண்ணீர் அடித்து இறக்கிவிடுங்கள். எச்சத்தை ஈரத்துணியால் ஐந்து நிமிடம் மூடி ஊறவைத்து, அப்புறம் தூக்கி எடுங்கள். சுரண்ட வேண்டாம்.

கண்ணுக்கு உறுத்தினால், தொடாமல் எடுக்கும் வழி காற்று. கையடக்க புளோயர் ஒன்று இருந்தால் மேலோட்டமான தூசில் பெரும்பகுதி பறந்துவிடும். அடுத்தது, மெழுகு ஏற்றிய பருத்தி இழைகள் கொண்ட கார் டஸ்டர். அதைத் தன் எடையிலேயே மேலாக இழுக்க வேண்டும், கை அழுத்தம் கூடாது. நாலு இழுப்புக்கு ஒருமுறை வண்டியை விட்டுத் தள்ளி நின்று உதறுங்கள். புதிதாக வாங்கியதை ஓர் இரவு செய்தித்தாள் மேல் போட்டு வைத்தால் உபரி மெழுகு இறங்கிவிடும். பனி ஈரம் இருக்கும்போதோ, சேறு தெறித்த பகுதியிலோ டஸ்டரை வைக்கவே கூடாது. மண் சாலையில் போய் வந்த நாளிலும் வேண்டாம்.

இதற்கு மேல் சுத்தம் வேண்டுமென்றால் எனக்குப் பிடித்தது ரின்ஸ்லெஸ் வாஷ். கழுவியபின் அலசத் தேவையில்லாத திரவம் இது. துணிக்கும் பெயிண்டுக்கும் நடுவே வழுக்கல் உண்டாக்கி, துகளைப் பரப்பிலிருந்து தூக்கிக்கொள்ளும். சில தயாரிப்புகளில் கலவை 1-க்கு 256, அதாவது பத்து லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 40 மில்லி. உங்கள் பாட்டிலில் என்ன போட்டிருக்கிறதோ அதைப் பின்பற்றுங்கள். அதிகம் ஊற்றினால் அதிகம் சுத்தமாகாது, திட்டுத்திட்டாகக் கறைதான் நிற்கும். கலவையை முதலில் ஸ்ப்ரேயரால் அடித்து ஓரிரு நிமிடம் ஊறவிட்டு, பிறகு நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் வழித்தெடுங்கள். துணியை நாலாக மடித்தால் இரு பக்கமும் சேர்த்து எட்டுச் சுத்தமான முகங்கள் கிடைக்கும். ஒரு முகம் அழுக்கானதும் அடுத்ததற்குப் போங்கள், பழையதற்குத் திரும்பாதீர்கள். ரூஃபில் தொடங்கிக் கீழே வர வேண்டும். கதவின் அடிப்பகுதியிலும் பின் பம்பரிலும்தான் மணல் அதிகம், அவை கடைசி. வெயிலில் சுட்ட பானெட்டில் இந்த வேலையைச் செய்தால் திரவம் உடனே காய்ந்து கறை விழும். கறுப்பு வேகமாகச் சூடேறும் என்பதால், நிழலில் நிறுத்தி ஆறவிட்டு ஆரம்பியுங்கள்.

கார் கவரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மூடிய இடத்தில், சுத்தமான வண்டி மேல் போட்டால் நல்லது. தூசு படிந்த வண்டி மேல் போட்டு, காற்றில் அது படபடவென்று அடித்துக்கொண்டிருந்தால், நீங்கள் துணியால் செய்ததையே கவர் இரவு முழுக்கச் செய்யும்.

இப்போது செராமிக். தூசு படியாமல் அது தடுக்காது. பிடிப்பைக் குறைக்கும், அதனால் தண்ணீர் பட்டதும் தூசு சுலபமாகக் கழன்றுவிடும். அந்த அளவில் நல்ல முதலீடுதான். ஆனால் மணல் கீறலை முழுதாகத் தாங்கும் கவசம் எதுவும் அதில் இல்லை. அதைப் போடும் முன் இப்போதுள்ள கோடுகளைப் பாலிஷ் போட்டு எடுக்க வேண்டும். ஒவ்வொரு பாலிஷும் கிளியர் கோட்டில் கொஞ்சம் சீவி எடுப்பதுதான், ஆகவே திரும்பத் திரும்பச் செய்ய முடியாது. என்னைக் கேட்டால், துடைக்கும் பழக்கத்தை விட்டு இரண்டு மூன்று மாதம் ஓட்டிப் பாருங்கள், அப்புறம் பாலிஷும் கோட்டிங்கும் செய்துகொள்ளலாம்.

மைக்ரோஃபைபர் துணிகளை மற்ற துணிகளோடு துவைக்காதீர்கள், பஞ்சு ஒட்டிக்கொள்ளும். துணி மென்மையாக்கியும் போட வேண்டாம், இழைகள் அடைபட்டுவிடும். கை தவறித் துணி தரையில் விழுந்துவிட்டால் உதறிவிட்டுத் தொடர ஆசை வரும். அந்தத் துணி இனி சக்கரத்துக்குத்தான்.