சாயப்பட்டறை லேப்ல இருந்து பாத்தா எந்த ஆராய்ச்சி பெருசு?

கேள்வி: கெமிஸ்ட்ரி, ஃபிசிக்ஸ், மெட்டீரியல் சயின்ஸ்ல சமீபத்துல வந்த ஆராய்ச்சிகள்ல நெஜமாலுமே பெருசுன்னு எதைச் சொல்லுவீங்க? அதெல்லாம் நம்ம கைக்கு எப்ப வரும்?

நான் புரொஃபசரெல்லாம் இல்லீங்க. எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடிச்சுட்டு திருப்பூர்ல ஒரு சாயப்பட்டறையில தண்ணி சுத்திகரிக்கற பிளாண்ட்டோட லேப்பைப் பாத்துக்கறேன், பதினோரு வருசமாச்சு. அதனால எனக்குப் பெருசுன்னு படறது எம்பட வேலைக்குப் பக்கத்துல இருக்கறதுதான், முன்னாடியே சொல்லிப்போடறேன், அப்பறம் பிளாக் ஹோலப் பத்தி ஏன் எழுதலைன்னு கேக்கப்படாது.

எம்பட ஓட்டு எம்.ஓ.எஃப்.புக்குத்தான். மெட்டல் ஆர்கானிக் ஃப்ரேம்வொர்க். 2025 கெமிஸ்ட்ரி நோபல் இதுக்குத்தான் குடுத்தாங்க, ஜப்பான்ல இருக்கற சுசுமு கிடகாவா, ஆஸ்திரேலியாவுல ரிச்சர்ட் ராப்சன், அமெரிக்காவுல ஒமர் யாகி, மூணு பேருக்கும் ஒட்டுக்கா. விசயம் என்னன்னா, உலோக அயனிய முடிச்சாவும் கார்பன் மூலக்கூற கம்பியாவும் வெச்சு ஒரு கூண்டு கட்டறாங்க. பந்தல் போடறப்ப மூங்கில மூலைக்கு மூலை கயிறு போட்டுக் கட்டறோமில்லீங்களா, அதே மாதிரிதான், ஆனா ஒவ்வொரு அறையும் ஒரு மூலக்கூறு நுழையற அளவுக்குத்தான் இருக்கும். உள்ள பூராம் ஓட்டை. யாகி 1999ல எம்.ஓ.எஃப்.-5ன்னு ஒண்ணு செஞ்சாரு, அதுல ரெண்டு மூணு கிராமுக்குள்ள இருக்கற உள்பரப்ப விரிச்சா ஒரு ஃபுட்பால் மைதானம் வரும்.

இதுல எனக்கு ரொம்பப் புடிச்சது ராப்சன் கதை. 1974ல மெல்போர்ன் யுனிவர்சிட்டியில பசங்களுக்கு மூலக்கூறு மாடல் காட்டறதுக்கு மரப்பந்துல ஓட்டை போட்டு வாங்கியிருக்காரு. அங்கிருக்கற ஒர்க்‌ஷாப்புல எந்த அணுவுக்கு எந்தக் கோணத்துல ஓட்டைன்னு குறிச்சுக் குடுத்தாரு. கோயமுத்தூரு கணபதிப்பக்கம் லேத் பட்டறையில டிராயிங் குடுத்தா எப்படியோ அப்படி. பந்து வந்தப்பறம் குச்சிய மாட்டிப் பாத்தா, ஓட்டை எங்க இருக்குதோ அதுவே வடிவத்த முடிவு பண்ணிப்போடுது, நாம யோசிக்கவே வேண்டியதில்ல, தானா சரியான மாடலா வந்து நிக்குது. செரி, மரப்பந்துல நடக்கறது நெஜ அணுவுல நடக்குமான்னு அவருக்கு ஒரு ரோசனை. அத செஞ்சு பாக்கறதுக்கு பத்து வருசத்துக்கு மேல ஆயிருச்சுங்க. தாமிர அயனி நாலு பக்கம் கை நீட்டும், அதுக்கேத்த மாதிரி நாலு கை இருக்கற மூலக்கூற எடுத்துக் கலந்தாரு, வைரத்தோட அமைப்புலயே ஒரு படிகம் வந்துச்சு, ஆனா உள்ள விசாலமா காலி எடம். 1989ல பேப்பர் வந்தது. அவர் கட்டுனது லேசுல இடிஞ்சு விழுகற ரகம். கிடகாவாதான் 1997ல கேஸ் உள்ள போயி வெளிய வந்தாலும் கூண்டு அப்படியே நிக்கற மாதிரி செஞ்சு காட்டுனாரு.

யாகி பொறந்தது ஜோர்டான்ல அம்மான்ல, பாலஸ்தீன அகதிக் குடும்பம். சின்ன வயசுல வாரத்துக்கு ஒருக்கா, சமயத்துல ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா சில மணி நேரம்தான் தண்ணி வருமாம், அதுக்குள்ள புடிச்சு வெச்சுக்கோணும். எங்க வீதியில கொழாயில தண்ணி வர்ற நாளைக்கு எங்கம்மா விடிகால நாலு மணிக்கே எந்திரிச்சு குடம், டிரம், சின்டெக்ஸ் எல்லாத்தையும் வரிசை வெக்கும், அதனால இதப் படிச்சப்ப வேத்து நாட்டுக் கதையாவே தோணல. அந்த ஆளு பின்னால பாலைவனக் காத்துல இருந்து தண்ணி எடுக்கற எம்.ஓ.எஃப். செஞ்சாரு.

அது எப்படின்னு எங்க லேப்லயே காட்டலாம். டெசிக்கேட்டர்ல, அதாவது ஈரம் படாம சாமான் வெக்கற மூடி போட்ட ஜாடியில, நீல சிலிக்கா ஜெல் போட்டு வெச்சிருப்போம், ஈரத்தக் குடிச்சு ஒரு வாரத்துல ரோஸ் கலராயிரும். அத வழிச்சு தட்டுல கொட்டி ஓவன்ல 110 டிகிரியில வெச்சா தண்ணிய விட்டுப்போட்டு மறுக்கா நீலமாயிரும். எக்ஸ்போர்ட் பெட்டிக்குள்ள பனியனோட போடற சின்னப் பொட்டலமும் இந்தச் சிலிக்கா ஜெல்தான். அது ஈரத்தப் புடிச்சா லேசுல விடாது, அவ்வளவு சூடு குடுத்து கரண்டு பில்லு கட்டித்தான் வாங்கோணும். எம்.ஓ.எஃப்.ல ஓட்டையோட அளவும் உள்சுவத்தோட கொணமும் நாம முடிவு பண்ணலாமுங்கறதால, ராத்திரி குளிர்ல குடிச்சு பகல் வெய்யில்ல விடற மாதிரி செய்ய முடியுது. 2017 பேப்பர்ல, காத்துல ஈரப்பதம் 20 சதவீதமே இருந்தாலும் ஒரு கிலோ ஒரு நாளைக்கு 2.8 லிட்டர் தண்ணி எடுக்கும்னு போட்டாங்க. அப்பறம் அரிசோனா பாலைவனத்துலயே பெட்டிய வெச்சுப் பாத்தப்ப கிலோவுக்கு சுமார் 100 மில்லிதான் வந்துச்சு. அரை டம்ளர். இதக் கொறையா சொல்லலைங்க, பாலைவனத்துல கரண்டே இல்லாம அரை டம்ளர் தண்ணிங்கறது பெரிய சமாச்சாரம். பேப்பர்ல வர்ற நம்பருக்கும் வெய்யில்ல வர்ற நம்பருக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு பாருங்கங்கறேன். அதுல போட்டது சிர்கோனியங்கற உலோகம், வெல எச்சு. பொறவு அலுமினியத்துல ஒண்ணு செஞ்சாங்க, லேப் கணக்குப்படி 150 மடங்கு வெல கம்மியாம், தண்ணியும் கூட எடுக்குதாம்.

செரி, சாயத் தண்ணிக்கு வர்றேன். எம்.ஓ.எஃப். வெச்சு சாயம் எடுத்தோம்னு வருசத்துக்கு எத்தனையோ பேப்பர் வருது, நானும் உக்காந்து படிப்பேன். முக்காவாசியில டிஸ்டில்டு வாட்டர்ல மெத்திலின் புளூங்கற லேப் சாயத்தக் கலக்கி 99 சதவீதம் எடுத்துப்போட்டோம்னு எழுதியிருப்பாங்க. மெத்திலின் புளூவுல யாருங்க பனியனுக்கு சாயம் போடறாங்க? எங்க தண்ணியில ரியாக்டிவ் சாயம் இருக்குது, சோப்பு இருக்குது, சாஃப்ட்னர் இருக்குது, லெவலிங் ஏஜெண்ட், பெராக்சைடு கில்லர், இதெல்லாம் போக உப்பு. அந்த உப்புதான் அத்தனைக்கும் மூலம். பருத்தியும் தண்ணிக்குள்ள நெகட்டிவ் சார்ஜ், சாயமும் நெகட்டிவ், ரெண்டும் தள்ளிக்கும், உப்பு போட்டாத்தான் கிட்ட வரும். கருப்பு மாதிரி அடர் கலருக்கு லிட்டருக்கு 80 கிராம் வரைக்கும் போவோணும், ஒரு கிலோ துணிக்கு ஆறு லிட்டர் தண்ணின்னு வெச்சாக்கூட கிட்டத்தட்ட அரைக் கிலோ உப்பு ஆச்சு. அதுல ஒரு சிட்டிகை கூட துணியில நிக்காது, அத்தனையும் தண்ணியோட வந்துரும். இன்னொண்ணு, முதல்ல வந்த எம்.ஓ.எஃப்.க நெறையா ஈரக்காத்து பட்டாலே உதுந்து போற ரகம், அந்தப் பேர்பெத்த எம்.ஓ.எஃப்.-5 கூட அப்படித்தான். 2008ல நார்வேக்காரங்க, ஓஸ்லோ யுனிவர்சிட்டியில, சிர்கோனியத்துல ஒண்ணு செஞ்சாங்க, அதுக்கப்பறம்தான் தண்ணியில போட்டாலும் தாங்குமுங்கற நம்பிக்கையே வந்துச்சு.

உப்போட சங்கடம் தெரியோணும்னா எங்க அம்முச்சி ஊருக்குப் போவோணும், ஒரத்துப்பாளையம் பக்கம். 1992ல நொய்யல்ல பாசனத்துக்குன்னு அணை கட்டுனாங்க, தேங்குனது சாயத் தண்ணி. அம்முச்சி வீட்டுக் கெணத்துத் தண்ணியில பருப்பு வேகாது, சோப்பு நொரைக்காது. நானே சாயப்பட்டறையில சம்பளம் வாங்கறவன், அதனால இத எழுதறப்ப கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்குது. 2011 ஜனவரியில ஐகோர்ட்டு அத்தனை பட்டறையையும் மூடச் சொல்லி, அப்பறம் ஒரு சொட்டு வெளிய விடக்கூடாதுங்கற ஏற்பாட்டோட ஒவ்வொண்ணா தெறந்தாங்க. எங்க வேலையே அதனால வந்ததுதான்: ஆர்.ஓ.வுல போட்டு நல்ல தண்ணிய எடுத்துட்டு மிச்சம் வர்ற ரிஜெக்ட்ட எவாப்பரேட்டர்ல காச்சி உப்பா எடுக்கறது. காச்சறதுக்கு வெறகும் கரண்டும் போற போக்கு இருக்குதே, அதச் சொன்னா எங்க முதலாளிக்கு ரத்தக்கொதிப்பு வந்துரும்.

இந்த ஆர்.ஓ.வே ஒரு காலத்துல 'சமீபத்திய ஆராய்ச்சி'தான். 1959, 60 வாக்குல கலிஃபோர்னியாவுல சிட்னி லோப், சீனிவாச சௌரிராஜன்னு ரெண்டு பேரு, ரெண்டாவது ஆளு இந்தியாவுல பொறந்தவரு, உப்பத் தடுத்து தண்ணிய மட்டும் விடற மெம்பரேன் செஞ்சாங்க. 1965ல கோலிங்காங்கற ஊருக்கு அதுலதான் குடிதண்ணி குடுத்தாங்க. அங்கிருந்து திருப்பூர்ல சாயப்பட்டறைக்கு ஆர்.ஓ. இல்லாம முடியாதுங்கற நெலமை வர்றதுக்கு கிட்டத்தட்ட 50 வருசம். நடுவுல மெம்பரேனே மாறிப்போச்சு, இப்ப இருக்கறது 1970கள்ல ஜான் கடாட்டி கண்டுபுடிச்ச பாலிஅமைடு ரகம். அது உப்புக்குப் புலி, ஆனா குளோரினப் பாத்தா பூனை. நான் சேந்த ரெண்டாவது வருசம் ஒரு ராத்திரி ஷிஃப்ட்ல, குளோரினக் கொல்றதுக்கு மெட்டாபைசல்ஃபைட் விடற டோசிங் பம்ப்புல காத்து அடைச்சுக்கிச்சு. பம்ப்பு டக்கு டக்குன்னு அடிச்சுட்டுத்தான் இருந்துச்சு, அதனால நானும் டீ குடிக்கப் போயிட்டேன். மருந்து ஒரு சொட்டுப் போகல. காலையில பாத்தா நல்ல தண்ணி லைன்ல டி.டி.எஸ்., அதாவது தண்ணியில கரைஞ்சிருக்கற உப்போட அளவு, 180 காட்டவேண்டிய மீட்டர் 900 காட்டுது. பன்னெண்டு மெம்பரேன் போச்சு. முதலாளி திட்டவே இல்ல, அந்தப் பன்னெண்டையும் லேப் வாசல்ல நிறுத்தி வெச்சு ஒரு மாசம் எடுக்கவேண்டாம்னுட்டாரு. தினம் அதத் தாண்டித்தான் உள்ள போவோணும்.

அதுக்கப்பறம் எந்த ஆராய்ச்சிச் செய்தி வந்தாலும் எங்க பிளாண்ட் ஃபோர்மேன் அண்ணன் கேக்கற மூணு கேள்விய நானும் கேட்டுப் பழகிட்டேன். எத்தன தடவ ஓடும்? எந்தத் தண்ணியில பாத்தாங்க? கிலோ என்ன வெல? எம்.ஓ.எஃப்.ல இந்த மூணுக்கும் ஓரளவு பதில் இருக்கறது கார்பன் டை ஆக்சைடு புடிக்கற வேலையிலதான். கனடாவுல கால்கரியில செஞ்ச கால்ஃப்-20ன்னு ஒண்ணு, துத்தநாகமும் ஆக்சாலிக் ஆசிடும் டிரையசோலும், எல்லாம் சாதாரண சரக்கு. அங்க ஒரு சிமெண்ட் ஃபேக்டரி பொகையிலயே, நம்ம மதுக்கரை மாதிரி எடம்னு வெச்சுக்கங்க, போட்டு ஓட்டிப் பாத்தாங்க. 2023ல பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனி வருசத்துக்கு நூத்துக்கணக்கான டன் செய்யறோம்னு அறிவிச்சுது. கிராம்ல இருந்து டன்னுக்கு வந்துருச்சு பாருங்க, அதனாலதான் என் ஓட்டு இதுக்கு.

மத்ததெல்லாம் சுருக்கமா சொல்லிப்போடறேன். 2023 ஜூலையில எல்.கே.-99ன்னு கொரியாவுல இருந்து ஒரு கெளப்பு கெளப்புனாங்களே, சாதாரண சூட்டுலயே தடையில்லாம கரண்டு ஓடற சூப்பர் கண்டக்டர்னு, வாட்ஸப்புல எங்க மாமா கூட அனுப்பியிருந்தாரு. டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்துலயும் செஞ்சு பாத்தாங்க, ஒண்ணுமில்ல, உள்ள கலந்திருந்த தாமிர சல்ஃபைடு பண்ணுன வேலைன்னு ஒரே மாசத்துல தெரிஞ்சு போச்சு. நாலஞ்சு வாரத்துல உலகம் பூராம் செஞ்சு பாத்து இல்லைன்னு சொல்லிட்டாங்களே, எனக்கு அதுதான் புடிச்சிருந்துச்சு. பெரோவ்ஸ்கைட்டுங்கற படிக ரகத்துல செய்யற சோலார் நெஜமான சமாச்சாரம், வெய்யிலக் கரண்டா மாத்தற அளவு 2009ல 3.8 சதவீதத்துல ஆரம்பிச்சது இன்னைக்கு சிலிக்கான் மேல பூசுனா 34 சதவீதத்தத் தாண்டிருச்சு, ஆனா ஈரத்துக்கும் சூட்டுக்கும் எத்தன வருசம் தாங்குமுங்கறதுதான் கேள்வி. பல்லடம் வெய்யில்ல இருபது வருசம் நிக்கோணுமில்லீங்களா. தண்ணியே இல்லாம கார்பன் டை ஆக்சைடுல சாயம் போடற மெஷின் இருக்குது, 31 டிகிரிக்கும் 74 பார் அழுத்தத்துக்கும் மேல போனா அது கேஸும் இல்லாம திரவமும் இல்லாம ஒரு மாதிரி ஆயி சாயத்தக் கரைச்சுக்கும், பாலியஸ்டருக்கு அம்சமா ஏறும், பருத்திக்கு ஏறாது. திருப்பூருக்குச் சோறு போடறது பருத்தி. ஃபிசிக்ஸ் நோபல் 2025 குவாண்டம் டனலிங் சர்க்யூட்டுக்கு, அதப் பத்தி எழுதற அளவுக்கு எனக்குப் பத்தாது, விட்டுடறேன்.

நம்ம கைக்கு எப்ப வருமுன்னு கேட்டிருந்தீங்க. போன மாசம் கோயமுத்தூர்ல ஒரு காலேஜுல எம்.ஓ.எஃப்.ல பிஎச்.டி. பண்ற ஒரு பொண்ணுக்கு மெயில் போட்டேன், அம்மிணி, மெத்திலின் புளூவ விட்டுப்போட்டு எங்க ரிஜெக்ட்டுல போட்டுப் பாருங்கன்னு. ரெண்டு லிட்டர் அனுப்புங்கன்னாங்க. ரெண்டு கேன்ல புடிச்சு மூடியில டேப் சுத்தி, குடிக்கற தண்ணி இல்லைன்னு பட்டையா எழுதி பஸ்ஸுல போட்டுவுட்டேன். மூணாம் நாள் போன் வந்துச்சு, சார் எங்க சாம்பிள் இதுல ஒரு மணி நேரத்துல கூழாயிருச்சு, இதுக்குள்ள என்னென்னதான் இருக்குதுன்னு. பதினாலு அயிட்டம் எழுதி அனுப்புனேன். ரெண்டுக்கு பேரு தெரியல, சப்ளையர் சொல்லமாட்டேங்கறாரு. பரவால்ல சார், இன்னும் அஞ்சு லிட்டர் அனுப்புங்கன்னாங்க. நாளைக்குக் காலையில ஏழு மணி பஸ்ஸுக்குக் குடுக்கோணும்.