3 குளத்துக்கு ஓடுகிறது, 4 போட்டால் விழுகிறது: ஏன்?

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மட்டக்களப்புக் குளங்களின் தினசரி நீர்மட்டத்தைச் சேமிக்க சி மொழியில் புரோகிராம் எழுதுகிறாராம். எத்தனை குளம், எத்தனை நாள் என்பது ஃபைலைத் திறந்த பிறகுதான் தெரியும், அதனால் ஓடும்போதே நினைவகத்தில் இடம் கேட்டு வாங்கும் மலொக். உன்னிச்சை, உறுகாமம், வாகனேரி மூன்றையும் போட்டால் ஒழுங்காக ஓடுகிறது, நாலாவதாக ஒன்றைச் சேர்த்தால், வாங்கிய இடத்தைத் திருப்பிக் கொடுக்கும் ஃப்ரீ வரும் இடத்தில் விழுந்துவிடுகிறது.

தம்பி, பிழை ஃப்ரீயில் இல்லை. உங்கள் முதல் மலொக்கைப் பாருங்கள். குளத்துக்கு ஒரு வரிசை, அந்த வரிசைகளின் முகவரிகளை வைக்க இடம் கேட்கிறீர்கள், ஆனால் அளவைச் சொல்லும் சைஸ்ஒஃப்புக்குள் ஃப்ளோட், அதாவது தசம எண், என்று எழுதியிருக்கிறீர்கள். வரவேண்டியது ஃப்ளோட் பொயின்டர், அதாவது ஃப்ளோட் இருக்கும் இடத்தின் முகவரி. 64 பிட் கணினியில் ஃப்ளோட் 4 பைட், பொயின்டர் 8 பைட். தேவையில் பாதிதான் கேட்டிருக்கிறீர்கள். அப்படியென்றால் 3 குளத்துக்கு எப்படி ஓடியது? 12 பைட் கேட்டாலும் 64 பிட் லினக்ஸில் வழக்கமாக இருக்கும் சி நூலகமான ஜிலிப்சி குறைந்தது 24 பைட் தந்துவிடும், 3 பொயின்டருக்கு அது மட்டுமட்டாகப் போதும். நாலாவது பொயின்டர் எல்லை தாண்டி, அடுத்த துண்டின் அளவை மலொக் குறித்து வைத்திருக்கும் இடத்தின்மேல் போய் விழுகிறது, அந்தக் குறிப்பு கெட்டுப்போனது ஃப்ரீ வந்து பார்க்கும்போதுதான் தெரியவருகிறது.

சரி, திருத்துவது எப்படி? ஃப்ளோட் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டாலே போதும். ஆனால் எல்லாக் குளத்துக்கும் நாள் எண்ணிக்கை ஒன்றுதானே, பிறகு எதற்கு வரிசைக்கு ஒரு மலொக்? நான் என்றால் இப்படித்தான் எழுதுவேன்:

ஃப்ளோட் (*மட்டம்)[நாள்] = மலொக்(குளம் * சைஸ்ஒஃப் *மட்டம்);

இடப்பக்க அடைப்புக்குறியை மறக்கவேண்டாம், அது இல்லாவிட்டால் பொயின்டர்களின் அரே ஆகிவிடும். மட்டம்[2][14] என்று வழக்கம்போலவே எழுதலாம். தரவு முழுக்க ஒரே துண்டில் அடுத்தடுத்து இருக்கும், கடைசியில் ஒரே ஒரு ஃப்ரீ. மலொக் இடம் கிடைக்காமல் நல் தந்ததா என்று மட்டும் உடனே பார்த்துவிடுங்கள். இது சி99இல் வந்த வசதி, மைக்ரோசொஃப்ட் கம்பைலர் ஏற்காது. அங்கே குளம் * நாள் அளவுக்கு ஒற்றை அரே எடுத்து, வரிசை எண்ணை நாளால் பெருக்கி நிரல் எண்ணைக் கூட்டி அந்த இடத்தைப் பிடிக்கவேண்டும். சி99 முறையில் மட்டத்தை ஃபங்ஷனுக்கு அனுப்பும்போது நாள் எண்ணிக்கையை அரேக்கு முன்னால் கொடுங்கள், பின்னால் கொடுத்தால் கம்பைல் ஆகாது.

அப்புறம், ஜிசிசி கம்பைலரில், எல்லை தாண்டி எழுதுவதைப் பிடிக்கும் அட்ரஸ் சனிடைசரைப் போட்டு உங்கள் பழைய புரோகிராமையே ஒருதடவை ஓட்டிப் பாருங்கள். 3 குளம் வைத்தாலே, இரண்டாவது பொயின்டரை எழுதும் வரியில் நிறுத்திக் காட்டும்.