ராத்திரியில் பேட்டரி இறங்கும் அம்பாசிடர்

கேள்வி: என்னிடம் இருப்பது 1970களில் வந்த அம்பாசிடர். டைனமோ பழையதுதான். சாயங்காலம் நேதாஜி மார்க்கெட் வரை போய் வந்து நிறுத்தினால், காலையில் செல்ஃப் 'டக்' என்ற சத்தத்தோடு நின்றுவிடுகிறது. புது பேட்டரி போட்டும் அப்படியேதான். எதைப் பார்ப்பது?
- வாசகர், சத்துவாச்சாரி, வேலூர்

பதில்: தயவுசெய்து இன்னொரு பேட்டரி வாங்கிவிடாதீர்கள். முழு சார்ஜ் ஏற்றிய பேட்டரியை ஒரு ராத்திரி எர்த் கேபிளை (பேட்டரியை வண்டியின் உடம்போடு இணைக்கும் கேபிள்) கழற்றி வையுங்கள். காலையில் 12.5 வோல்ட்டுக்கு மேல் நின்றால் பேட்டரி நல்லது. கேபிளை மாட்டி வைத்த ராத்திரி மட்டும் இறங்கினால், கரண்ட் வண்டிக்குள்தான் கசிகிறது.

மல்டிமீட்டரை உடனே எடுக்க வேண்டாம். கசிவு பெரிதாக இருந்தால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை ஹோல்டரோடு எடுத்து, எர்த் கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் மாட்டுங்கள். சாவி ஆஃப், கதவெல்லாம் மூடியிருக்கட்டும். பல்பு பளிச்சென்று எரிந்தால் கசிவு ஒன்றரை ஆம்பியருக்குக் குறையாது. பத்து மணி நேரத்துக்குக் குறைந்தது 15 ஆம்பியர்-அவர். 60 ஆம்பியர்-அவர் பேட்டரியில் கால்வாசி.

எல்லோரும் அடுத்து ஃபியூஸைப் பிடுங்குவார்கள். இந்த வண்டியில் அது போதாது. டைனமோ லைன் ஃபியூஸ் வழியாகப் போவதே இல்லை. என் முதல் சந்தேகம் கட்-அவுட் என்ற தானியங்கி சுவிட்ச் மேல்தான். எஞ்சின் ஓடும்போது அதன் பாயிண்ட் (தொடுமுனை) ஒட்டி டைனமோவையும் பேட்டரியையும் சேர்க்கும். எஞ்சின் நின்றதும் ஸ்பிரிங் அதைப் பிரித்துவிட வேண்டும். பாயிண்ட் கருகி ஒட்டிக்கொண்டால் பேட்டரியின் கரண்ட் திரும்பி டைனமோவுக்குள் ஓடும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகும் டைனமோவின் உடம்பு மட்டும் சூடாக இருக்கிறதா என்று கை வைத்துப் பாருங்கள். பல்பு எரியும்போதே டைனமோவிலிருந்து கட்-அவுட்டுக்கு வரும் தடித்த வயரைக் கழற்றுங்கள். பல்பு அணைந்தால் ஆள் அகப்பட்டான். பாயிண்ட்டை உப்புத்தாளால் தேய்த்து ஓட்டுவது கொஞ்ச நாளைக்குத்தான், கட்-அவுட்டையே மாற்றிவிடுங்கள். அதுவரை ராத்திரியில் எர்த் கேபிளைக் கழற்றி வையுங்கள், வயரிங் சூடேறுவது ஆபத்து.

பல்பு எரியவே இல்லையென்றால் இப்போது பல்பு இருந்த இடத்தில் மீட்டரை 10 ஆம்பியர் முனையில் போடுங்கள். இக்னிஷனைத் தொடவே கூடாது. கடிகாரம்கூட இல்லாத பழைய வண்டியில் கிட்டத்தட்ட பூஜ்யம்தான் காட்ட வேண்டும். நூறு, இருநூறு மில்லி ஆம்பியர் காட்டினால் பிற்பாடு மாட்டிய ஸ்டீரியோ, அலாரம் பக்கம் போங்கள். ஸ்டீரியோவின் மஞ்சள் வயருக்கு எப்போதும் சப்ளை வேண்டும். சிவப்பு வயர் சாவி போட்டால் மட்டும் உயிர் பெற வேண்டும். இரண்டையும் முறுக்கி நேர் லைனில் சேர்த்த வேலைதான் பெரும்பாலும் கண்ணில் படும்.

பேட்டரியின் மேல்மூடியையும் வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள், அமிலப் பிசுக்கு வழியாகவும் கரண்ட் மெல்லக் கசியும். மார்க்கெட் நெரிசலில் ஊர்ந்து போகும்போது டைனமோ சார்ஜ் ஏற்றாது, டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். அதனால் வாரத்தில் ஒரு நாளாவது ராணிப்பேட்டை வரை ஒரே ஓட்டமாக ஓட்டி வாருங்கள்.