கடன் வாங்கிக் கொடுக்கும் நன்கொடை

கேள்வி: எனக்கு 43 வயது. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சிகிச்சைக்கு, படிப்புக்கு, வெள்ள நிவாரணத்துக்கு என்று யார் கேட்டாலும் என்னால் மறுக்க முடிவதில்லை. சம்பளத்தில் சுமார் 8 சதவீதம் இப்படிப் போகிறது. எல்லாமே கிரெடிட் கார்டில்தான். இப்போது கார்டு நிலுவை இரண்டரை மாதச் சம்பளத்தைத் தொட்டுவிட்டது. வட்டி மாதம் 3 சதவீதம். குறைந்தபட்சத் தொகையான 5 சதவீதத்தை ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டுகிறேன். ஒன்றரை மாதச் சம்பளம் வங்கியில் டெபாசிட்டாக இருக்கிறது. அதை மட்டும் தொடவில்லை. என் சித்தப்பா மகன் ஓர் அறக்கட்டளை நடத்துகிறார். கட்டடம் கட்ட என் பெயரில் தனிநபர் கடன் எடுத்துத் தரச் சொல்கிறார். தவணையை அறக்கட்டளையே கட்டிவிடுமாம். செலவழிக்கும்போதே நன்கொடை போகும் கார்டு ஒன்றுக்கு மாறலாமா என்றும் யோசிக்கிறேன். நல்ல காரியங்களுக்குக் கொடுக்க எது சிறந்த வழி? தயவுசெய்து கொடுப்பதையே நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள்.

பதில்: நிறுத்தச் சொல்லப் போவதில்லை, சகோதரி. கேட்டவருக்கு இல்லை என்று சொல்லத் தெரியாத மனதைக் குறையாக நான் நினைக்கவில்லை. ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு முன்னால் இன்னொன்று நிற்கிறது. நீங்கள் கொடுப்பது உங்கள் பணமே அல்ல, வங்கியின் பணம். அதற்கு நீங்கள் தரும் வாடகை எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தீர்களா?

கணக்குப் பிரிவில் இருப்பவருக்குக் கூட்டு வட்டியை நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் மாதச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். கார்டு நிலுவை 250. மாத வட்டி 7.5. நல்ல காரியங்களுக்கு நீங்கள் கொடுப்பது 8. அதாவது, இல்லாதவர்களுக்குக் கொடுப்பதற்குக் கிட்டத்தட்டச் சமமான தொகையை மாதந்தோறும் வங்கிக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். குறைந்தபட்சத் தொகையாக 12.5 கட்டுகிறீர்கள். அதில் வட்டி போக 5 மட்டும் அசலில் கழிகிறது. அதே மாதம் புதிய நன்கொடை 8 கார்டில் ஏறுகிறது. தவறாமல் கட்டியும் நிலுவை மாதம் 3 கூடுகிறது. நீங்கள் ஒழுங்காகக் கட்டுவதாக நம்பிக்கொண்டிருப்பதுதான் எனக்கு மிகவும் கவலையாக இருக்கிறது.

வரிச்சலுகை கிடைக்கிறதே என்று சிலர் சொல்லியிருக்கலாம். உங்கள் வரி விகிதம் 20 சதவீதம் என்றால், 100 கொடுத்ததற்கு அதிகபட்சம் 20 திரும்பி வரும். மாதம் 3 சதவீத வட்டி அந்த 20ஐ ஏழே மாதங்களில் தின்றுவிடும்.

ஆகவே முதல் வேலை, நன்கொடை கொடுக்கும் எல்லா இடங்களிலிருந்தும் உங்கள் கார்டு விவரத்தை நீக்குவது. அடுத்தது அந்த டெபாசிட். அதற்கு எவ்வளவு நல்ல வட்டி கிடைத்தாலும், ஆண்டுக்கு 42 சதவீதத்தைத் தாண்டும் கார்டு வட்டிக்குப் பக்கத்தில் நிற்காது. 150ல் 100ஐ எடுத்துக் கார்டில் கட்டுங்கள். மீதி 50 அவசரத்துக்கு இருக்கட்டும். நிலுவை 150 ஆகிவிடும். அடுத்த பில்லில் குறைந்தபட்சத் தொகை 7.5 என்று வரும். அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். இப்போது கட்டும் அதே 12.5ஐ விடாமல் கட்டுங்கள். 15 மாதங்களுக்குச் சற்று மேல் ஆகும், கடன் முடிந்துவிடும். அதுவரை நன்கொடை மாதம் 2. அதுவும் கையிலிருக்கும் பணத்திலிருந்து. கடன் தீர்ந்தபின் 12.5 உங்கள் கைக்கு வரும். அப்போது 8 என்ன, 10 கொடுங்கள். நான் தடுக்க மாட்டேன். தனக்கு மிஞ்சித்தான் தானம் என்று பெரியவர்கள் சொன்னதைக் கஞ்சத்தனம் என்று பலர் நினைக்கிறார்கள். கொடுப்பவர் கவிழ்ந்துவிட்டால் அடுத்த ஆண்டு கொடுக்க யார் இருப்பார்?

இனி உங்கள் அண்ணன் கேட்டது. உங்கள் பெயரில் எடுத்தால் அது உங்கள் கடன். அறக்கட்டளை ஒரு தவணை தவறினாலும் வங்கி உங்களைத்தான் தேடி வரும், அவரை அல்ல. அவர் நல்லவரா என்பது இங்கே கேள்வியே இல்லை. கட்டடம் தேவை என்றால் அறக்கட்டளை தன் பெயரில் கடன் கேட்கட்டும். வங்கி அதன் வரவு செலவைப் பார்க்கும். வங்கியே கொடுக்கத் தயங்கும் இடத்தில் உங்கள் சம்பளச் சீட்டை ஈடாக வைப்பது உதவி ஆகாது. "அண்ணா, கடன் எடுக்க என்னால் முடியாது. வாரம் ஒரு நாள் வந்து அறக்கட்டளையின் கணக்கை எழுதித் தருகிறேன்" என்று சொல்லுங்கள். சிறிய அமைப்புகள் பலவற்றில் மனம் இருக்கிறது, ஆள் இருக்கிறது. ஒழுங்கான கணக்குத்தான் இல்லை. தணிக்கை செய்த கணக்கு இல்லாததால் பெரிய நன்கொடையாளர்களின் வாசலைக்கூட அவை தொட முடிவதில்லை. உங்கள் தொழில் அறிவு அங்கே பணத்தைவிடப் பெரிய கொடை. கணக்கைக் காட்டவே அவர் தயங்கினால், கட்டட விஷயத்தில் அதுவே உங்களுக்குப் பதில்.

நன்கொடை போகும் கார்டு வேண்டவே வேண்டாம். செலவில் 1 சதவீதம் நல்ல காரியத்துக்குப் போகிறது என்றே வைத்துக்கொள்வோம். 1 கொடுக்க நீங்கள் 100 செலவழிக்க வேண்டும். அந்த 1ஐ நேராகக் கொடுத்துவிட்டால் 99 மிச்சம். நன்கொடையைச் சேர்த்துக் கட்டிய காப்பீடும் முதலீடும் இப்போது அடிக்கடி வருகின்றன. காப்பீடு வேண்டுமானால் காப்பீடு வாங்குங்கள், நன்கொடையைத் தனியாகக் கொடுங்கள். இரண்டையும் ஒரே சீட்டில் போட்டால் கட்டணம் எங்கே போகிறது என்று தெரியாது. இணையத்தில் நிதி திரட்டும் சில தளங்களில், நன்கொடையோடு தளத்துக்கென ஒரு டிப் தொகையும் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும். கட்டுவதற்கு முன் அதைப் பாருங்கள், வேண்டாமென்றால் குறைக்கலாம். சிகிச்சைக்கு என்று கேட்டால், இயன்றவரை மருத்துவமனையின் கணக்கிலேயே நேராகக் கட்டுங்கள்.

அந்த 2ஐ எங்கே கொடுப்பது? நிகழ்வுக்கு நிகழ்வு பிரித்துக் கொடுக்காமல், கணக்கு வெளியிடும் ஒரே ஓர் அமைப்புக்கு, எந்தப் பணிக்கு என்று கட்டுப்படுத்தாமல், மாதந்தோறும் கொடுங்கள். 2004 டிசம்பர் சுனாமியின்போது எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு நன்கொடை வந்து குவிந்தது. சுனாமிப் பணிக்குப் போதுமான பணம் சேர்ந்துவிட்டது, இனி அதற்கென்று தர வேண்டாம், பொது நிதிக்குத் தாருங்கள் என்று சில நாட்களிலேயே அது அறிவிக்க வேண்டியிருந்தது. ஒரு பேரிடருக்கு என்று கொடுத்த பணத்தை, கொடுத்தவர்களின் சம்மதமின்றி இன்னொரு துயரத்துக்கு மாற்ற முடியாது. அதே சுனாமியில் கேட்காமலே அனுப்பப்பட்ட பழைய துணிகள் மலையாகக் குவிந்து வீணாயின. பொருளாகக் கொடுப்பதென்றால், என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

பணம் தேவைப்படாத வழியும் இருக்கிறது. உடல்நிலை இடம் கொடுத்தால் குருதி கொடுங்கள். பிரித்தெடுத்த சிவப்பணுக்களைச் சுமார் 42 நாட்கள்தான் சேமிக்க முடியும். தட்டணுக்கள் (பிளேட்லெட்) 5 நாட்களில் பயனற்றுவிடும். விபத்துச் செய்தி வந்த அன்று வரிசையில் நிற்பவரைவிட, இடைவெளி தவறாமல் வருபவரைத்தான் குருதி வங்கி நம்பியிருக்கிறது. வட்டியில்லாக் கடனாகச் சிறு தொழில் செய்பவர்களுக்குப் பணம் தரும் வழியைப் பலர் விரும்புகிறார்கள். 2005ல் தொடங்கிய கிவா என்ற இணையதளம் அந்த வகை. பணம் தருபவருக்கு வட்டி கிடையாது. ஆனால் உள்ளூரில் அதைப் பட்டுவாடா செய்யும் அமைப்புகள் பல, வாங்குபவரிடம் வட்டி வசூலிக்கின்றன. உங்கள் கார்டு தீர்ந்த பிறகு அதைப் பற்றிப் பேசலாம்.

உங்கள் கடிதத்தில் மறுக்க முடிவதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு ஒரு சின்ன ஏற்பாடு. சம்பளம் வந்த அன்றே அந்த 2ஐத் தனிக் கணக்குக்கு மாற்றுங்கள். பாதி அந்த ஒரே அமைப்புக்கு. மீதி, கேட்டு வருபவர்களுக்கு. இரவில் ஒரு குழந்தையின் படம் வந்தால் உடனே கட்டாதீர்கள், குறித்து வையுங்கள். காலையில் மருத்துவமனைக்குப் போன் செய்து விசாரித்துவிட்டு, அந்தக் கணக்கில் இருப்பதிலிருந்து அனுப்புங்கள். அது காலியாகிவிட்டால், அந்தப் பெயரை அடுத்த மாதப் பட்டியலில் முதலாவதாக எழுதிக்கொள்ளுங்கள்.